கவலை மேட்டில் நின்ற மாடுகள்

ஓசூரில் பக்கத்து வீட்டுக்காரர் அழகுக்காகக் கதவில் மாட்டுச் சலங்கை கட்டியிருக்கிறார். இன்று அது குலுங்கியதும் எங்கள் பழைய மாட்டுவண்டியின் நினைவுக்குள் விழுந்தேன்.

நிலத்தையும் மாடுகளையும் விற்று, ஒன்பது பேரும் பிழைப்புத் தேடிச் சிவமொக்காவுக்குக் கிளம்பிய காலை. வழிக்கு அம்மா கேழ்வரகு மாவை வறுத்து மூட்டை கட்டியிருந்தாள். அவற்றை வாங்கிய முனியப்பனே, சலங்கை கட்டிய அதே மாடுகளை வண்டியில் பூட்டி எங்களைச் சாமல்பட்டி ரயிலடிக்குக் கூட்டிப்போனார். ஊர்க்கண்ணில் படாமல் போய்விட அப்பா தவித்தார். மாடுகளோ பழக்கத்தில் எங்கள் வயலுக்குள் திரும்பி, நீரிறைக்கும் கவலை மேட்டில் நின்றுகொண்டன. அடித்தும் அசையவில்லை. களையெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நீ வித்தது இதுங்களுக்குத் தெரியாது போலண்ணா! நீயே ஓட்டு,” என்று முனியப்பன் சிரித்தார்.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “போங்கடா,” என்றார். அந்தக் குரலுக்குப் பணிந்து மாடுகள், எங்கள் நிலத்திலிருந்து எங்களை வெளியே இழுத்துப்போயின.

“சலங்கைச் சத்தம் நல்லாருக்கா சார்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தலை நிமிராமல் ஆமாம் என்றேன்.