மேற்கே திரும்பும் நாள்

"வானத்தத் தாங்கச் சொன்னேன் லூ, சட்டி மூடியத் தூக்கச் சொல்லல!"

சமையற்காரர் லூவின் முழங்கையை ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்துகிறார் ரூய்லான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. இன்றும் அடிக்கடி தோளுக்கு மேலாகப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். யாங்சோ கால்வாய்க்கரைப் பூங்காவில் நாங்கள் காலையில் சீகோங் என்னும் மூச்சுப் பயிற்சி செய்யும் கூட்டத்தில் எந்தக் கை தாழ்ந்தாலும் அந்தப் பார்வையில் சிக்கிவிடும். கை முழுதாக உயராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய தேநீர்க் குடுவை இருக்கும் பக்கம்தான் எங்களுக்கு முன்பக்கம். வசந்தத்திலும் கோடையிலும் கிழக்கே பார்த்து நிற்போம். இலையுதிர்காலம் பிறக்கும் நாளில் மேற்கே திரும்பிவிட வேண்டும். ரூய்லான் குடுவையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு ஊடே நடந்து மறுபக்கம் போவார். ஒளிந்து நிற்கும் கடைசி வரிசை, அதாவது லூவும் நானும், முன்வரிசையாகிவிடுவோம்.

"ஓசி டிக்கெட் எல்லாம் முன் சீட்டுக்கு வந்தாச்சா? இனிமே உடம்ப முறுக்காதீங்க. கோடையில விரிச்சத மெல்ல மடிக்கணும். ஐஸ் தர்பூசணி தின்னுட்டு எவனும் இங்க வரக் கூடாது!" என்று ஆண்டுதோறும் அதட்டுவார்.

சூச்சின், ரூய்லான் ஓட்டிய பேருந்தில் நடத்துநராக இருந்தவர். இந்த வசந்தத்தில் பக்கவாதம் வந்து, இடது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. "பாவம்னு ஒருத்தர் சொன்னாலும் தாங்க மாட்டேன்" என்று வீட்டிலேயே அடைந்து கிடந்தார். ரூய்லான் மாலைதோறும் போய்க் கெஞ்சினார். எங்களிடம் கெஞ்சியே அறியாத மனுஷி!

"கடைசி வரிசைக்கும் பின்னால, மரத்தடியில நில்லுடி. யார் கண்ணுலயும் படமாட்ட. நான் பொறுப்பு."

ஒருவழியாக சூச்சின் வந்தார். அன்றைக்கென்று பார்த்து இலையுதிர்காலம் பிறந்திருந்தது. தோழி வந்த பூரிப்பில் ரூய்லானுக்கே அது மறந்துபோயிருந்தது.

"அக்கா, இன்னைக்கு மேற்கு!" என்று லூ குரல் கொடுத்தார். பழக்க தோஷம், மொத்தக் கூட்டமும் திரும்பிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் சூச்சின் தனியாக நின்றார். காது சிவந்துவிட்டது. கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு பூங்கா வாசலைப் பார்த்தார். போய்விட்டால் இனி வரவே மாட்டார்.

ரூய்லான் குடுவையைக் கையில் எடுத்திருந்தார். ஓரடி வைத்தார். நின்றார். குடுவையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"சூச்சின், நீயே ஆரம்பி" என்றார் பின்னாலிருந்து. "நீ குரல் குடுக்காம நம்ம வண்டி என்னைக்குடி கிளம்பியிருக்கு?"

சூச்சின் தடியை மரத்தில் சாய்த்து வைத்தார். "போலாம்" என்றார், பழைய பேருந்துக் குரலில். கைகள் எழுந்தன. இடது கை நெஞ்சோடு நின்றது. மேலே போய்விட்ட வலது கையை அவர் இறக்கி அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

லூ தலைக்கு மேல் தூக்கிவிட்ட கைகளைச் சூச்சினைப் பார்த்து அவசரமாக இறக்கினார். அதட்டல் வரப்போகிறது என்று பயந்து நான் திரும்பிப் பார்த்தேன்.

கடைசி ஆளாக நின்ற ரூய்லானின் பார்வை சூச்சினின் முதுகில் இருந்தது. அவருடைய இரண்டு கைகளும் நெஞ்சளவில், உள்ளங்கை வானம் பார்க்க, நின்றிருந்தன.