வேப்பிலை செருகிய வாசல்

அம்சாவுக்கு விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: தகரக்காரி. கொரோனா காலத்தில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களைக் கண்டு சொல்வது அவள் வேலை. அவள் சொன்ன வீட்டு வாசலில் மறுநாளே தகரம் அடித்தார்கள். நோய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வந்தாலும் முதல் காய்ச்சலிலேயே தெரிந்துவிட வேண்டும் என்று இன்றும் அவளை அந்த வேலையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் யார் வாயைத் திறக்கிறார்கள்? அவள் தலையைக் கண்டாலே, கேட்பதற்கு முன்பே, "நல்லாத்தான் கீறோம்" என்று பதில் வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அழைப்பில்லை. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பகலெல்லாம் ஊரை நலம் விசாரித்துவிட்டு வீடு திரும்பினால் அவளை விசாரிக்க ஒரு நாதி கிடையாது. அது அவளுக்கு ரொம்பவே வலித்தது.

இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு அவள் குடியிருக்கும் மேலத்தெருவில் வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகியிருந்தார்கள். அம்மை கண்ட வீடு என்று அர்த்தம். வெளியாள் படி மிதிக்கக் கூடாது. அம்சாவும் மிதிக்கவில்லை. ஆனால் அம்மை கண்ட வீட்டில் யாராவது மீன்குழம்பு வைப்பார்களா? வீரம்மாள் வீட்டிலிருந்து கமகமவென்று வந்தது. வேப்பிலை தன்னை விரட்டத்தான் என்று அம்சாவுக்கு விளங்கிவிட்டது.

வீரம்மாளின் புருஷன் பச்சைமுத்து, கொரோனாவில் அம்சா சொல்லி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியேறியவர். திரும்பவில்லை. அன்றோடு வீரம்மாள் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். இப்போது உள்ளே காய்ச்சலில் முனகுவது அவள் மகள் ஆர்த்தி.

சொன்னால் இந்தத் தெரு இனி ஜென்மத்துக்கும் அவளை நம்பாது. சொல்லாவிட்டால் ஆர்த்தி பிழைப்பாளோ என்னவோ. அம்சா போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டாள். பிறகு அந்த வாசலுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். தெரு வாய்க்கு வந்தபடி ஏசியது. வண்டி வந்ததும் ஆர்த்தியோடும் வீரம்மாளோடும் தானும் ஏறினாள்.

எலிக்காய்ச்சல் என்றார்கள். நல்லவேளை, நேரத்தோடு வந்தீர்கள், பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னார். மற்ற வீடுகளையும் பார்க்க மேலத்தெருவுக்கு ஆட்கள் கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வீரம்மாள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நீ சொன்னதுக்கு எனக்கு கோவமில்ல, அம்சா. அவரு வண்டியேறறப்போ தெருவே கதவ சாத்திக்கினு கெடந்துது. நீயுந்தான சாத்திக்கினு இருந்த?"

ஆமாம், சாத்திக்கொண்டுதான் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூட அன்று அவளுக்குத் தைரியம் வரவில்லை.