வேன் நிற்கும் இடம்

குவைத்தில், மங்காஃபில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரில் அன்று பள்ளிக்கூடம் உண்டு. அதனால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு, மதியச் சோறு வேகும் நேரத்தில்தான் எங்கள் அறையில் எல்லோரும் வீடியோவில் பேசுவோம்.

அன்று அறையில் ஒரே சண்டை. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே ஃபீஸ் கட்டுவது சரியா, தப்பா? என் மகன் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவன்தான். நான் விடுவேனா? "கட்டட்டுமே, உனக்கு எங்க வலிக்குது?" என்று கத்தினேன்.

கூடத் தங்கியிருந்த தூத்துக்குடி வெல்டர் கரண்டியை வீசி எறிந்தான். "அந்தப் பணத்த எங்க ஊரு கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தா அது உருப்படாதாலே?"

அப்போது அவன் போன் அடித்தது. ஊரில் வேனை விட்டு இறங்கிய மகள், கழுத்தில் டையோடு கையாட்டினாள். "ஹாய் டாடி!"

அவளுக்குப் பின்னால் பூட்டிய இரும்புக் கேட். அதன்மேல் யாரோ மீன்வலையைக் காயப் போட்டிருந்தார்கள்.

"பின்னாடி என்ன கட்டடம்?" என்று கேட்டேன்.

அவன் போனைத் திருப்பிக்கொண்டான்.

"நான் படிச்ச பள்ளிக்கூடம். பிள்ளைங்க வரலன்னு மூடிட்டாவ."