அப்பாவுக்கு ஒரு வசனம்

என் மனைவிக்கு என் மேல் கோபம் வந்தால் கத்தமாட்டாள். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவாள். செய்தது: குளித்தார். எதிர்பார்த்தது: ஈரத் துண்டு கொடியில் இருக்கும். நடந்தது: கட்டிலில் கிடக்கிறது. கத்தினாலாவது பதிலுக்கு நானும் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம். இந்த மூன்று வரியோடு எவனால் மல்லுக்கு நிற்க முடியும்? வாயை மூடிக்கொண்டு துண்டை எடுத்துப் போய்க் காயப் போடுவேன்.

இது அவள் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். வங்கிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் அவள் பிழை பார்ப்பவள். கையில் வைத்து ஆடுகிற சின்னக் கருவிக்குக் கதை கதையாக விளையாட்டுகள் செய்கிறார்கள். செய்து முடித்ததும் இவள் கையில் கொடுப்பார்கள். எங்கே உடைகிறது, எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடித்து அதே மூன்று வரியில் எழுதித் தர வேண்டும். கடைசித் தாளில் அவள் கையெழுத்து விழாமல் எந்த விளையாட்டும் வெளியே போகாது. அங்கே எல்லாரும் முப்பதைத் தாண்டாதவர்கள். இவளுக்கு நாற்பத்து நான்கு. வைத்திருக்கும் பெயர் ‘குடைச்சல் அக்கா’. கேள்விப்பட்டதும் கோபப்படுவாள் என்று பார்த்தேன். பதவி உயர்வு கிடைத்த மாதிரி சிரித்தாள்.

அதற்கு முன்பு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வந்த சட்டையை வாங்கியதும் முதல் வேலையாக உள்பக்கத்தை வெளியே திருப்புவாளாம். வெளிப்பக்கத்தை எல்லாரும் பார்த்துப் பார்த்துத் தைத்திருப்பார்கள், கோளாறு உள்ளேதான் ஒளிந்திருக்கும் என்பது அவள் கட்சி. தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபின் நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த நான்கு மாதமும் உள்பக்கம் திருப்பிப் பார்க்க நான் ஒருவன்தான் அகப்பட்டேன். அப்போதுதான் ‘கேம் விளையாடத் தெரியாதவர்கள் தேவை’ என்று ஒரு விளம்பரம் வந்தது. இந்தத் தகுதியில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கிளம்பிப் போனாள். எட்டு வருடம் ஆகிறது.

ஊரார் பிழையெல்லாம் பார்க்கும் இவளிடமும் ஒரு பிழை உண்டு. செருப்பு. இவள் கழற்றிப் போட்ட செருப்புகள் ஒரு நாளும் ஜோடியாகக் கிடந்ததில்லை. ஒன்று வாசலில் இருந்தால் இன்னொன்று சோபாவுக்கு அடியில். பத்தொன்பது வருடமாகச் சொல்லிப் பார்த்து, என் வாய்தான் வலித்தது.

போன வருடம் அவள் கைக்கு ஒரு விளையாட்டு வந்தது. ஒரு துறைமுக ஊர். அதில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, அம்மாவோடு இருக்கிறாள். வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பினால் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு நாளுக்குப் போகலாம். அங்கே எதை மாற்றினாலும் திரும்பி வரும்போது இன்றைய நாள் மாறியிருக்கும். ரொட்டிக் கடைக்காரரை அடுப்பை அணைக்கச் சொன்னால் எரிந்துபோன கடை எரியாமல் இருக்கும். தபால்காரர் தொலைத்த கடிதத்தைத் தேடிக் கொடுத்தால் எதிர்வீட்டு அக்காவுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கும். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அன்று மாலை ஆறு மணிப் படகில் ஏறிய அப்பா திரும்பி வரவில்லை. அழுதாலும் தடுத்தாலும் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கதாசிரியருக்கு அதில்தான் பெருமை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று மேனேஜரிடம் மேசையைத் தட்டிச் சொன்னாராம்.

இவள் பத்தொன்பதாவது தடவையாக அந்த நாளுக்குப் போனபோது, கொல்லையில் மீன் பெட்டிகள் இருந்தன. உயரமான ஜன்னலுக்கு ஏறுவதற்காக நகர்த்தும்படி வைத்தவை. நகர்கிற பொருளைக் கண்டால் இவளுக்குக் கை சும்மா இருக்காது. ஏழு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளி வந்து வாசலை அடைத்தாள். அப்பா வந்தார். பெட்டியில் முட்டினார். முட்டியபடியே நடந்துகொண்டிருந்தார். ஆறு அடித்தது. படகு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இவள் முள்ளைத் திருப்பி இன்றைக்கு வந்தாள். வீட்டுக்குள் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். வசனம் வரவேண்டிய கட்டம் திறந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. அவர் பிழைப்பார் என்று யாருமே நினைக்காததால் அவருக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை.

செய்தது: வாசலைப் பெட்டியால் அடைத்தேன். எதிர்பார்த்தது: அப்பா போய்விடுவார். நடந்தது: போகவில்லை. பேசவும் இல்லை.

புரோகிராமர் படித்துவிட்டுப் பத்து நிமிட வேலை என்றார். வாசலுக்கு இரண்டடி முன்னாலேயே பெட்டி நின்றுவிடும்படி செய்தால் தீர்ந்தது. அப்பா பழையபடி போய்விடுவார். இவள் முடியாது என்றாள். அப்படிச் செய்தால் கடைசித் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை விளையாட்டை அனுப்பியாக வேண்டும், அன்று திங்கள். மேனேஜர் கூப்பிட்டு, இதற்காக வேலையையே விடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். விடுவேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே இதை என்னிடம் ஒரு சங்கதி போலச் சொன்னாள். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, காலையில் வேலைக்குப் போன அவள் அப்பா லாரி மோதி இறந்துபோனார். ஆபீஸில் ஒருவருக்கும் இது தெரியாது. என்னிடம்கூட இரண்டு தடவைக்கு மேல் பேசியதில்லை.

“தப்பித்தவறி ஒரு மனுஷன் பொழச்சிருக்காருங்க,” என்றாள். “அவரைத் திரும்பவும் படகுல ஏத்தி அனுப்பச் சொல்றாங்க. என் கையெழுத்தைப் போட்டு.”

வேலை போனால் போகட்டும் என்று நான் சொன்னேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன் சம்பளத்தில் வீட்டை ஓட்டிவிடலாம் என்று வீராப்பாகவும் சொன்னேன். அவள் என்னை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற பார்வை பார்த்தாள்.

கதாசிரியர் செவ்வாய் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். புதன்கிழமை மனமிரங்கி ஒரு வசனம் எழுதிக் கொண்டுவந்தார். ‘மகளே, காலம் என்னை உன்னிடமே திருப்பித் தந்துவிட்டது.’

இவள் படித்துவிட்டு, “இவரு எங்க போனாரு, காலம் திருப்பித் தர்றதுக்கு?” என்று கேட்டாள். “படகு ஏறவே இல்லையே. பன்னெண்டு வருஷமா இந்த வீட்லயேதான் இருக்காரு. அவருக்கு இன்னைக்கு சும்மா ஒரு புதன்கிழமை.”

கதாசிரியர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். பிறகு தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு, அந்தக் கட்டத்தில் இரண்டு வரிதான் அடங்கும், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர். நான் அவரைப் பற்றி அதுவரை நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எழுதுவது என்று உட்கார்ந்த பிறகுதான் இவள் திணறிப்போனாள். சும்மா ஒரு புதன்கிழமையில் ஒரு அப்பா மகளிடம் என்ன சொல்வார்? நான் நாலைந்து யோசனை சொன்னேன். நாலைந்தும் ஃபிரிட்ஜில் ஒட்டக்கூட லாயக்கில்லை என்றாள். பேப்பரை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தே இருந்தாள்.

“எனக்கு அவர் பேசினது ஒண்ணுகூட ஞாபகம் இல்லைங்க,” என்றாள். “போட்டோதான் ஞாபகம் இருக்கு.”

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். என் மாமியார் தன் கணவரைப் பற்றி முப்பத்தைந்து வருடமாக ஒரே வாக்கியம்தான் சொல்லிவருகிறார்: தங்கமான மனுஷன். இவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. “அம்மா, அப்பா என்னை என்ன சொல்லித் திட்டுவாரு?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். போனை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. விக்கி விக்கிச் சிரித்துவிட்டுச் சொன்னார்: “உன் செருப்புக்குத்தான்டி. ஒண்ணு வாசல்ல கிடக்கும், ஒண்ணு கட்டிலுக்கு அடியில. தினமும் வீட்டுக்குள்ள காலை வெச்சதும், ‘மகாராணி, இன்னொரு செருப்பு எங்க?’ன்னுதான் கேப்பாரு.”

அம்மாவும் மகளும் அன்று ஒரு மணி நேரம் பேசினார்கள். தங்கமான மனுஷனின் குறட்டை, ரேடியோவைத் தலையில் தட்டி ஓடவைக்கிற வைத்தியம், பக்கத்து வீட்டு நாயோடு அவருக்கு இருந்த பகை, எல்லாம் வெளியே வந்தன. நடுவில் என் மாமியார் அழுதார் என்று நினைக்கிறேன். ஆனால் சிரிப்புதான் அதிகம் கேட்டது.

வியாழக்கிழமை இவள் அந்த வரியைக் கொடுத்தாள். கதாசிரியர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. படம் வரைபவர் யாரும் கேட்காமலே கட்டிலுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு ஒன்றை வரைந்து வைத்தார். புரோகிராமர் அப்பாவின் தலையில் கொஞ்சம் நரை போட்டார். வெள்ளிக்கிழமை காலை இவள் மறுபடியும் ஏழு பெட்டிகளையும் தள்ளினாள். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்று எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இருக்கிறது.

செய்தது: வாசலைப் பெட்டியால் அடைத்தேன். எதிர்பார்த்தது: அப்பா திட்டுவார். நடந்தது: திட்டினார்.

விளையாட்டு வெளியே வந்ததும் நானும் ஆடினேன். தந்திரம் தெரிந்திருந்தும் ஏழு பெட்டியைத் தள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நடுவில் மூன்று தடவை நானே கடலில் விழுந்தேன். அப்பா அந்த வரியைச் சொன்னபோது பேச்சுப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தி மறுபடியும் சொல்லவைத்தேன். நான் ஒரு தடவைகூடப் பார்க்காத என் மாமனார்.

செருப்பு விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாசலில் ஒன்று, சோபாவுக்கு அடியில் ஒன்று. முன்பெல்லாம் எரிச்சலில் கேட்பேன். இப்போது கடையை மூடிவிட்டு வந்ததும், ஒரு நாள் தவறாமல், இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்கிறேன். அவள் உள்ளேயிருந்து, “தேடிப் பாருங்க,” என்கிறாள். மகாராணி என்று மட்டும் நான் சொல்வதில்லை. அதை அவருக்கே விட்டுவிட்டேன்.