பீர், மீன் சாப்பாடு, அத்தோ, நடுவில் ஒரு ‘ங்க’

அமலன் வாயிலிருந்து ஒரு ‘டா’ வாங்குவதற்காகத்தான் போன மாதம் ஒரு வெள்ளி இரவு கோவையில் ரயில் ஏறினேன். வீட்டில் சாப்பாட்டுப் பயணம் என்று சொல்லியிருந்தேன். அதுவும் பொய்யில்லை.

அமலனும் நானும் ராயபுரத்தில் ஒரே தெரு, ஒரே கோவில், ஒரே பள்ளி பெஞ்சு. இப்போது அவன் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறான். எட்டு வருடங்களுக்கு முன் பாதிரியார் என் புதுவீட்டை மந்திரித்த நாளில் கோவை வந்தவன், வாசலிலேயே, “இன்னா மாமு, வூடு சோக்கா கீது” என்றான். பக்கத்தில் என் மேலாளர் நின்றிருந்தார். நான் அவசரமாக, “வாங்க, உக்காருங்க” என்றேன். “சென்னையில தெரிஞ்சவர்” என்று அவரிடம் அறிமுகமும் செய்துவைத்தேன். கோவையில் ‘ங்க’ போடாவிட்டால்தான் தப்பு. ராயபுரத்தில் தோஸ்துக்கு ‘ங்க’ போட்டால் கதை முடிந்தது. அன்றிலிருந்து எப்போது போன் செய்தாலும் அவன், “சொல்லுங்க” என்றுதான் எடுக்கிறான்.

சென்ட்ரலிலிருந்து ராயபுரம் ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர், ஆட்டோ 130 ரூபாய். சென்ட்ரல் ஓய்வறையில் குளித்து முடித்து, சனிக்கிழமை காலை 11.40க்குப் போய் இறங்கினேன். “வாங்க. பிரயாணம்லாம் சௌகரியங்களா?” என்றான் அமலன், சம்பந்தி வீட்டாரை விசாரிப்பது போல. பாதி உயிர் போய்விட்டது.

பார் 12 மணிக்குத் திறக்கும். முதல் சம்பளம் வாங்கிய வாரம் நாங்கள் உட்கார்ந்த அதே பார். அன்று சிமெண்ட் தரை, இன்று டைல்ஸ். மற்றபடி சுவரில் ஆடும் மின்விசிறிகூட அதேதான் என்று நினைக்கிறேன். “நைனா, சில்லுனு ரெண்டு பீரு. சுண்டலு, மிளகு முட்ட. மாங்கா கீதா?” என்று குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு வேற எதுனா வேணுங்களா?” என்றான். ஒரே வாயில் இரண்டு மொழி. நானும் துணிந்து, “இன்னா மாமு, எப்டி கீற?” என்று கேட்டுப் பார்த்தேன். மாறுவேடப் போட்டியில் பேசுவது போல எனக்கே கூச்சமாக இருந்தது. “நல்லாருக்கேங்க” என்றான். மொத்தம் 560 ரூபாய். மிளகு முட்டையை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றரை மணிக்கு ஷேர் ஆட்டோ. திருவொற்றியூர் தேரடி வரை ஆறு கிலோமீட்டர், ஆளுக்கு 30 ரூபாய். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள், டீசலும் மீனும் கலந்த காற்று. வேறு யாராவது மூக்கைப் பொத்தியிருப்பார்கள். நான் தலையை வெளியே நீட்டி இழுத்து இழுத்து விட்டேன். தேரடிக்குப் பின்தெருவில் இருக்கும் மெஸ்ஸில் மீன் சாப்பாடு 120, சங்கரா வறுவல் 90. அந்தக் காலத்தில் ஒரு மீன் வாங்கி, தலை அவனுக்கு, வால் எனக்கு என்று பிய்த்துக்கொள்வோம். இந்த முறை அவன் இரண்டு வறுவல் சொன்னான். ருசி குறையவில்லை, எனக்குத்தான் சரியாக இறங்கவில்லை.

அங்கிருந்து எர்ணாவூருக்கு பஸ். பர்மாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் அத்தோ நூடுல்ஸ் கடை நாலரைக்குத்தான் திறக்கும் என்பதால், கடலோரக் கற்களில் உட்கார்ந்தோம். அங்கே சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கு நான் பண்ணது தப்புடா. மேனேஜர் முன்னாடி உன்ன நெனச்சு வெக்கப்பட்டேன்.”

அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். “அத்த வுடுங்க.”

“அந்த ‘ங்க’ வேணாம்டா.”

“பழகிப்போச்சுங்க.”

அத்தோ தட்டு 70 ரூபாய். வாழைத்தண்டு சூப் இலவசம், கேட்டால் இன்னொரு கிண்ணமும் ஊற்றுவார்கள். தள்ளுவண்டிக்குப் பின்னால் இருந்த டிரம்மில் கை கழுவப் போனேன். நடுவில் ஒரு தார்ப்பாய். கடைக்கார அக்கா, “யாரு அவுரு? வெளியூரா?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“நம்ம பையன்க்கா, ராயபுரம். கஸ்மாலம், பாஷையே மறந்துட்டான்” என்றான் அமலன். “அவனுக்கு மட்டும் காரம் கம்மியா போடு. கண்ணுல தண்ணி வுட்டுகினே நல்லாகீதுன்னு பொய் சொல்வான்.”

கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். முகத்தையும் கழுவ வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும், “துன்னுங்க, ஆறிடும்” என்றான். காரம் கம்மியாகத்தான் இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலை டிபனைக் குறைத்துக்கொள்ளுங்கள். பார் நெரிசல் ஒரு மணிக்கு மேல்தான், அதற்குள் எழுந்துவிடலாம். மீன் மெஸ்ஸுக்கு இரண்டரைக்குள் போகாவிட்டால் வறுவல் கிடைக்காது. பல கடைகளில் கார்டு எடுபடாது, சில்லறை வேண்டும். திரும்புவதற்கு விம்கோ நகரிலிருந்து சென்ட்ரலுக்கு நேராக மெட்ரோ இருக்கிறது. பழைய நண்பரோடு போகிறவர்கள் மன்னிப்பைச் சாப்பாட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் நாலு மணி வரை இழுத்ததில் ஒரு நல்ல மீன் வீணாகிவிட்டது.

அமலன் எர்ணாவூரிலேயே தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மெட்ரோ வரை எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தான், 80 ரூபாய். “பாத்துப் போங்க” என்றான். நான் ஏறி உட்கார்ந்த பிறகு டிரைவர் பக்கம் குனிந்தான்.

“பத்திரமா இட்டுகினு போ நைனா. அவன் ஊருக்குப் புச்சு.”

டிரைவரிடம்தான் சொன்னான். ஆனால், அந்த ‘அவன்’ஐ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.