மால்டாவுக்குப் போன லீவு

வெயில் காயறதுக்குன்னே ஜனங்க ஒரு ஊருக்குப் போறாங்கன்னு முன்னாடி யாராச்சும் எங்கிட்டச் சொல்லியிருந்தா, போடா வேலையத்தவனேன்னு தொரத்தி உட்டிருப்பேன். திருச்செங்கோட்டுக்காரனுக்கு வெயில் ஊட்டு வாசல்லயே சும்மா கெடக்குது. அதுகிட்ட இருந்து தப்பிக்கத்தான் நாங்க வழி தேடுவோம்.

எண்பதுகள்ல நானும் எந்தங்கச்சி ஊட்டுக்காரரும் லிபியாவுல இருந்தோம். பாலைவனத்துல தண்ணிக்குப் போர் போடற கம்பெனி. ஊர்ல ரிக் வண்டியில பழகின ஆளுங்கறதால வேலை ஒண்ணும் புதுசில்ல. மணலும் தனிமையுந்தான் புதுசு. லீவுன்னு ஊருக்கு உட்டா திரும்பி வரமாட்டானுங்கன்னு கம்பெனிக்காரனுக்குப் பயம். அதனால கடலுக்குள்ள பக்கத்துலயே இருக்கற மால்டா தீவுக்கு அனுப்பி வெச்சான், நாலு நாள் இருந்துட்டு வாங்கடான்னு. எங்க மாப்ளைக்கு ஒரே குஷி. கல்யாணமாயிக் கொஞ்ச நாள்லயே பொண்டாட்டிய உட்டுட்டு வந்த மனுசன். "ஊருக்குப் போயி அம்மிணிகிட்ட, நான் கடல்ல நீச்சலடிச்சேன்னு சொல்லோணுங்க மச்சான்"னு சொல்லிக்கிட்டே வந்தாரு.

அழகான ஊருதான், இல்லேன்னு சொல்லல. மஞ்சக் கல்லு ஊடுக, நீலத் தண்ணி. வெள்ளக்காரங்க ஒடம்பெல்லாம் எண்ணையத் தடவிக்கிட்டு, வத்தல் காயப்போட்டாப்புல பாறை மேல கெடந்தாங்க. கடல்னா மணலு இருக்கும்னு நெனச்சிருந்தோம். நாங்க போன எடத்துல மணலே இல்ல. பாறை, அது முடிஞ்ச எடத்துல நேரா ஆழம். ஓரத்துல நின்னு குனிஞ்சு பாத்த மாப்ள சிரிச்சுட்டாரு. "அட, நம்ம கெணறுதானுங்க மச்சான்!"

நாங்கெல்லாம் கெணத்துல நீச்சப் பழகினவங்க. சின்னதுலயே இடுப்புல கவுறக் கட்டித் தண்ணியில தூக்கி எறிஞ்சிருவாங்க. கை சலிச்சா செவுத்தோரம் வந்து கல்லப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கோணும். அத யாரும் யோசிச்சுச் செய்யறதில்ல, கை தானாப் போவும்.

மொத நாள் ஒண்ணும் ஆவல. ரெண்டாம் நாளு நல்ல காத்து. தண்ணி ஏறி எறங்கிட்டிருந்துச்சு, வெள்ளக்காரங்க ஒருத்தரும் எறங்கல. வேண்டாமுங்க மாப்ளன்னு கையப் புடிச்சேன். கேக்கற ஆளா அவரு! ஓடிப்போயிக் குதிச்சுட்டாரு. கொஞ்ச நேரத்துலயே சலிச்சுப்போயி பாறையப் பாத்துத் திரும்புனாரு. மேல நின்ன ஒரு கெழவன், மீன் புடிக்கறவனாட்ட இருந்தான், ரெண்டு கையையும் வீசி வீசிக் கத்துனான். வராதே, கடலுக்குள்ளயே போ, படகு வரும்னு அவன் சொன்னது எனக்கு அப்புறந்தான் வெளங்குச்சு. வெளங்கியிருந்தாலும் மாப்ள கேட்டிருக்க மாட்டாரு. சலிச்சுப்போனவன் செவுத்த உட்டுட்டு நடுவால போவானா? பாறையில கைய வெச்சாரு. அலை அவரத் தூக்கி அதே பாறையில அடிச்சுச்சு. மறுக்காவும் பாறையத்தான் புடிச்சாரு. மறுக்காவும் அடிச்சுச்சு. அப்புறம் ஆளே தெரியல.

படகு வந்துச்சு. முக்குளிச்சுத் தேடறவங்க வந்தாங்க. பொணங்கூட கெடைக்கல.

விடிஞ்சு பாத்தா காத்து நின்னுபோச்சு. அதே பாறையில அதே ஜனம் எண்ணையத் தடவிக்கிட்டு வந்து படுத்துருச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒவ்வொருத்தனையா எட்டி ஒதைக்கலாம்னு இருந்துச்சு. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம், லீவுக்கு வந்தவங்க. நான் பசி தண்ணி இல்லாம கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உசுரு வேண்டாம் சாமி, ஒடம்பையாச்சும் குடுத்துருன்னு வேண்டினேன். அது இல்லாம தங்கச்சி மொகத்துல எப்படி முழிக்கறது? லீவு முடிஞ்சு போச்சு. ஒண்ணும் கெடைக்கல.

கம்பெனி என்னைய ஊருக்கு அனுப்பி வெச்சுது. தந்தி எனக்கு முன்னாடியே போயிருந்துச்சு. எங்க பக்கம் ஒருத்தி புருசன் செத்தா, கூடப் பொறந்தவன்தான் கோடிச்சேலை எடுத்துக்கிட்டுப் போயி அவ மேல போடோணும். அதுக்கப்புறந்தான் தாலியக் கழட்டுவாங்க. நான் சேலையோட போறப்ப, மாப்ள ஊட்டுல சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்துச்சு. தங்கச்சி பொட்டும் பூவுமா உக்காந்திருந்தா. ஒருத்தரையும் கிட்ட நெருங்க உடல.

"பொணமில்லாம எப்படிண்ணா?"ன்னா. "கெணத்துல அத்தன நேரம் தம் புடிக்கற மனுசன். எங்கியாச்சும் கரையேறியிருக்க மாட்டாரா?"

மகனப் பறிகுடுத்த அவரு அப்பாதான் எந்தோளப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. "போட்டுரு சாமி. எத்தன நாளைக்கு இந்தப் புள்ளைய வாசலையே பாத்துக்கிட்டு உக்கார வெக்கறது?"

தங்கச்சி என்னைய நிமுந்து பாத்தா.

"அங்க இருந்தவன் நீ ஒருத்தன்தான். அவரு உசுரோட இருப்பாருன்னு உனக்கு ஒரு துளி நெனப்பு இருந்தாலும், இந்தச் சேலையத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருண்ணா. இத்தன பேரு சொல்றத நான் நம்ப மாட்டேன். நீ போட்டியின்னா, நம்பிக்கறேன்."

சேலையப் பிரிச்சு அவ மேல போட்டேன்.