பச்சைப் பயிரில் ஒரு தடம்

அண்ணனும் தம்பியும் சவுதியில் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கட்டிக்கொண்ட நாங்கள் இரண்டு பேரும் இங்கே ஆறு வருடமாக முகம் பார்த்துப் பேசவில்லை. அவள் மூத்தவர் மனைவி, நான் இளையவர் மனைவி. என்ன சண்டை என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு வரப்பு. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து உப்பூர் போகும் பக்கத்தில் எங்கள் ஊர். அவள் வயல் ரோட்டோரம், என் வயல் அதற்கு உள்ளே. நடுவில் இருந்த வரப்பை நான் ஒரு சாண் வெட்டித் தள்ளிவிட்டேன் என்று அவள் சொன்னாள். வெட்டியது அவள்தான் என்று நான் சொன்னேன். சர்வேயர் வந்து அளந்து, இருவருக்குமே பிடிக்காத ஓர் இடத்தில் கல்லை நட்டுவிட்டுப் போனார். அன்றோடு அவளை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

பேசவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். சாடைப் பேச்சு ஒன்று இருக்கிறதே! நான் வரப்பில் நடந்து போனால் அவள் தன் ஆட்டைப் பார்த்துச் சொல்லுவாள்: "இந்தா ஆடே, அங்கிட்டுப் போகாத. வரப்பையே தின்ன கூட்டம், உன்னைய மட்டும் விட்டுருமாக்கும்?" எனக்கு ஆடு கிடையாது. அதனால் நான் கோழியிடம் சொல்லி அனுப்புவேன்.

அந்தக் காலத்தில் இந்தச் சண்டையால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அறுப்புக்கு வரும் பெண்கள் பண்ணரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பு மேலேயே நடந்து வந்துவிடுவார்கள். கட்டுக் கட்டித் தலையில் வைத்து அதே வழியில் வெளியேறுவார்கள். யாருடைய பயிரையும் மிதிக்க வேண்டியதில்லை, யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பகையை வைத்துக்கொண்டே விவசாயம் பார்க்கலாம்.

பிறகு அறுப்புக்கு ஆள் இல்லாமல் போனது. அறுப்பு மிஷின் வந்து கூலியாட்களை விரட்டிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் கதை அப்படி இல்லை. ஆட்கள் முதலில் போனார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் மதுரை ஜவுளிக்கடைகளுக்கும் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். வெயிலில் குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிந்தவர்கள் வேறு வழி கிடைத்ததும் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் நெல் நின்றுகொண்டிருந்தது. போன வருடம் ஆளுக்காகக் காத்துக் கிடந்தேன். தை மாதத்தில் வரக்கூடாத மழை வந்து, கதிரெல்லாம் சாய்ந்து, நின்ற தண்ணீரிலேயே நெல்மணி முளைத்துவிட்டது. வயலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்படியே விட்டுவிட்டு வந்த பயிரை அவளுடைய ஆடுதான் மேய்ந்தது. தடுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அதனால் இந்த வருடம் மிஷினுக்குச் சொல்லிவைத்தேன். இராமநாதபுரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் அந்த மிஷினைப் பற்றித் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எத்தனை ஆள் கூலி மிச்சம், எத்தனை மணி நேரம் மிச்சம் என்றெல்லாம் விளக்கினார்கள். நானும் தலையாட்டிக் கேட்டேன். அது என் வயலுக்குள் எந்த வழியாக வரும் என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் நாலு எழுத்துப் படித்தவள் வேறு!

மிஷின் வந்து ரோட்டில் நின்றபோதுதான் புத்தியில் உறைத்தது. என் வயலுக்குக் கிழக்கே கண்மாய் வாய்க்கால். மற்ற இரண்டு பக்கமும் ஆள் நுழைய முடியாத கருவேலங்காடு. ஒரே வழி அவள் வயல். என் நெல் பழுத்துத் தலை தொங்கி நிற்கிறது. அவள் நெல் இன்னும் பச்சை. நான் விதைத்தது குறைந்த நாள் நெல், அவள் விதைத்தது கூடுதல் நாள் நெல். விதைப்புக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டும் ஒரே நாளில் பழுத்திருக்கும்.

டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், பெரிய மீசை. "பாதை எங்கக்கா?" என்றார்.

அவள் வேப்பமர நிழலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தடி தூரம்தான். நான் டிரைவரைப் பார்த்துச் சொன்னேன்: "தம்பி, அந்த வயலுக்காரவுககிட்டக் கேளுங்க, ஓரமா ஒரு தடம் விடுவாகளான்னு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரிடம் சொன்னாள்: "பச்சப் பயிருல மிஷினு ஏறுனா பயிரு என்னத்துக்காகும்னு கேளுங்க தம்பி."

"அழிஞ்ச எடத்துக்கு ஈடா நெல்லு குடுத்துருறேன்னு சொல்லுங்க."

"அவுக நெல்லத் தின்னுதான் இங்கன ஒடம்பு வளக்கணும்னு ஒருத்தருக்கும் இல்லைன்னு சொல்லுங்க."

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானக்கா கேக்குது? நடுவுல நான் எதுக்கு? அடுத்த ஊர்க்காரங்க போன் மேல போன் போடறாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள பாதை இருந்தா இறக்கறேன், இல்லைன்னா கிளம்பறேன்."

கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வாய் திறந்து அவளைக் கூப்பிட்டுவிடலாம்தான். நாக்கு எழவில்லை. ஆறு வருட வீம்பு அப்படிச் சட்டென்று இறங்கிவிடுமா? கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய ஆட்டைப் பார்த்துப் பேசினேன்.

"ஏ ஆடே, போன வருசம் மொளச்ச நெல்ல நீதான் தின்ன. இந்த வருசமும் உனக்குத்தான்னு எழுதியிருக்கு போல. தின்னுக்க." அதற்கு மேல் சொல்ல முடியாமல் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றேன்.

அவள் எழுந்தாள். ஆட்டை மரத்தில் கட்டிவிட்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள். பாவி, இப்படி நெஞ்சில் ஈரமில்லாமல் போகிறாளே என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் திரும்பி வந்தாள். கையில் பண்ணரிவாள். ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றை என் காலடியில் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் பச்சைப் பயிருக்குள் இறங்கினாள்.

இன்னும் மணி முற்றாத கதிர். அதை அறுப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று விவசாயிக்குத் தெரியும். மிஷின் அகலத்துக்கு அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அறுத்துக்கொண்டே போனோம். மூச்சு வாங்கியது. வரப்புக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து, சர்வேயர் கல்லை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதை அசைத்துப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். டிரைவர் வந்து வண்டியை இறக்கினார். எந்த ஒரு சாணுக்காக நாங்கள் தாலுகா ஆபீஸ்வரை போனோமோ, அந்த வரப்பு மிஷினின் அடியில் பொலபொலவென்று உதிர்ந்து மண்ணோடு மண்ணாகப் போனது.

என் நெல் மூட்டைகள் கூரைக்குள் வந்த பிறகுதான் மழை விழுந்தது. ஈடாக ஒரு மூட்டையை அவள் வாசலில் இறக்கிவைத்தேன். மறுநாள் காலையில் அது என் வாசலில் இருந்தது. அதற்குப் பிறகாவது பேசிக்கொண்டீர்களா என்று என் கணவர் போனில் கேட்டார். இல்லை. பேசினோம் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். எட்டு மாதம் அவளும் ஆட்டிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கோழியிடம் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

புரட்டாசியில் காய்ந்த புழுதியை உழுது போட்டிருந்தோம். வரப்பை அவளும் போடவில்லை, நானும் போடவில்லை. விதைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வயலின் கடைசியில் நின்றேன். ரோட்டோரத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏய், இந்த வருசம் என்ன நெல்லு?"

சுற்றிலும் பார்த்தேன். டிரைவர் இல்லை, ஆடும் இல்லை. என்னிடம்தான் கேட்கிறாள்.

"கொறஞ்ச நாளு," என்றேன்.

"நானும் அதான் வாங்கியிருக்கேன். நீ அங்கன இருந்து வெதச்சுக்கிட்டு வா. நான் இங்கன இருந்து வாரேன்."

விதையை ஒரு கை அள்ளினேன்.

"சரிக்கா," என்றேன்.